மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவ

தம்பி,

நீ கேட்ட வீடியோவ நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். நேத்து சாயங்காலம் நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். "அம்மா, ரெண்டே நிமிஷம் பேசுங்க, போதும். கம்பெனி சட்டையப் போட்டுக்கிட்டு நல்ல வெளிச்சத்துல நில்லுங்க. பேச்சுவார்த்தைப் பயிற்சிக்குப் போயிட்டு வந்த பிறகு உங்க வேலை எவ்வளவு சுலபமாச்சுன்னு சொல்லுங்க. ரொஹானி கதையச் சொன்னா இன்னும் நல்லது. திங்கக்கிழம பெரியவங்க முன்னால போட்டுக் காட்டணும்." இதச் சொல்றப்போ உன் குரல்ல கொஞ்சம்கூட கூச்சம் இல்ல. போன் போட்டுத் திட்டலாம்னுதான் முதல்ல நெனச்சேன். திட்டினா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லிட்டு வச்சிடுவ. அதனாலதான் எழுதுறேன். காடி ஓட்டிக்கிட்டு சிக்னல்ல நிக்கிறப்போ இதப் படிக்காத. வீட்டுக்குப் போயி, சாப்பிட்டு, உக்காந்து படி. படிச்சிட்டு ஒளிச்சு வைக்கவும் வேணாம். உன் மேனேஜர்கிட்ட காட்டணும்னா தாராளமாக் காட்டு.

"ரொஹானி கதை"ன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. உனக்கு அவ கதையா? ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் நீ வளந்தது அவ வீட்டுல. உங்கப்பா விடியறதுக்கு முன்னாடியே மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு பாலத்தத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடுவாரு. எனக்கு பாசிர் கூடாங்ல காலை ஷிப்ட். அதே பிளாஸ்டிக் ஃபேக்டரியில அவளுக்கு ராத்திரி ஷிப்ட். வேலை முடிஞ்சு வந்து படுக்க வேண்டிய நேரத்துல, அந்த மாசாய் ஃபிளாட்டுல உன்ன மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. நம்ம வீட்டுல மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம்னு தெரிஞ்சு உனக்குன்னு ஒரு சின்னச் சட்டி தனியா வச்சிருந்தா. நான் சொல்லி வைக்கல, அவளா வாங்கி வச்சா. அவள 'மாக்'னு, மலாய்ல அம்மான்னு, கூப்பிட்டு அவ கைலியப் புடிச்சிக்கிட்டுத் திரிஞ்சவன் நீ. இன்னிக்கு நீ எனக்கு அனுப்பிக் காட்டின அறிக்கையில அவளுக்குப் பேருகூட இல்ல. 'ஓர் ஊழியர்'னு போட்டிருக்க.

உன் வேலை என்னன்னு கேக்கிறவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதான் நானும். உங்க கம்பெனி ஃபேக்டரி ஃபேக்டரியாப் போயி, சூப்பர்வைசருக்கும் லைன் லீடருக்கும் வேலை எடத்துல எப்படிப் பேரம் பேசறதுன்னு ரெண்டு நாள் சொல்லிக்கொடுக்கும். சொல்லிக்கொடுக்கிறது வேற ஆளு. அதுக்குப் போட்ட பணம் திரும்பி வந்துச்சா, எவ்வளவு வந்துச்சுன்னு அளக்கிறவன் நீ. ஹோட்டல் வாடகை, சாப்பாடு, வாத்தியார் கூலி, நாங்க வேலைய விட்டுட்டு வந்து உக்காந்த ரெண்டு நாள் சம்பளம், எல்லாத்தையும் ஒரு பக்கம் வைப்ப. பயிற்சியால வந்த லாபத்த இன்னொரு பக்கம் வைப்ப. போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் எத்தன வெள்ளி திரும்பி வந்துச்சுன்னு கடைசியில ஒரு எண்ணு சொல்லுவ. ஒரு தடவ நம்ம சமையக்கட்டுல வெங்காயம் வெட்டிக்கொடுத்துக்கிட்டே இத எனக்கு விளக்கின. என் புள்ளைக்கு எவ்வளவு மூளைன்னு அன்னிக்கு நெனச்சேன். இந்த வருஷத் தொடக்கத்துல எங்க ஃபேக்டரியே உங்களக் கூப்பிட்டுச்சு. பயிற்சிக்குப் போற பட்டியல்ல என் பேரப் பாத்துட்டு நீ எவ்வளவு சந்தோஷப்பட்டன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

இப்ப உனக்குத் தெரியாத ஒண்ணச் சொல்றேன். தெரியாதுன்னு சொல்றதவிட, நீ கேட்டு வச்சுக்கவே இல்லன்னுதான் சொல்லணும். எங்க ஃபேக்டரியில மெஷின் நிக்காது. நோன்புப் பெருநாளுக்கும் ஓடும், சீனப் பெருநாளுக்கும் ஓடும், தீபாவளிக்கும் ஓடும். அப்ப யாரு வேலைக்கு வர்றது? நாங்களே மாத்திக்குவோம். நோன்புப் பெருநாளுக்கு ரொஹானி எடத்துல நான் நிப்பேன், எங்க லைன்ல இருக்கிற மெய் லிங் நிப்பா. சீனப் பெருநாளுக்கு மெய் லிங் எடத்துல ரொஹானி நிப்பா. தீபாவளிக்கு அவங்க ரெண்டு பேரும் எனக்காக நிப்பாங்க. ரொஹானிக்கு நாலஞ்சு நாள் வேணும், மெய் லிங்குக்கு மூணு நாள், எனக்கு ரெண்டு நாள் போதும். யாருக்குக் கூட, யாருக்குக் கொறச்சல்னு ஒருத்தரும் பாத்ததில்ல. யாரு வீட்டுல சாவு விழுந்தாலும், புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், "நாளைக்கு என் எடத்துல நில்லு"ன்னு ஒரு போன் அடிச்சா போதும். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல இப்படித்தான் ஓடுச்சு. நான் லைன் லீடர் ஆன பிறகும் பட்டியல எழுதறது மட்டும்தான் என் வேலை. யாரு யாருக்காக நிக்கிறாங்கங்கறத அவங்களே வந்து சொல்லிடுவாங்க.

பயிற்சி கெட்டதுன்னு நான் சொல்ல வரல. அந்த வாத்தியார் நல்லாத்தான் பேசினாரு. எதையும் சும்மா கொடுக்காதீங்க, கொடுக்கிறப்போ பதிலுக்கு ஒண்ணு கேளுங்கன்னாரு. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு உக்காருங்க, எதிராளி பேசட்டும்னாரு. திரும்பி வந்த மறு வாரமே நான் அத சூப்பர்வைசர்கிட்ட செஞ்சு பாத்தேன். எங்க லைன்ல காத்தாடி கெட்டுப்போயி எட்டு மாசமாச்சு. பொண்ணுங்க வேர்வையில ஊறிக்கிட்டு நின்னாங்க. இந்த வாரம் ஆர்டர முடிச்சுத் தர்றோம், காத்தாடி எப்ப வரும்னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டேன். அவரு மேலப் பாத்தாரு, கீழப் பாத்தாரு, கடைசியில வியாழக்கிழம ரெண்டு காத்தாடி வந்துச்சு. பயிற்சி முடிஞ்ச மூணாம் மாசம், என்ன லாபம் வந்துச்சுன்னு கேட்டு நீ அனுப்பின ஃபாரத்துல நான் முதல்ல எழுதினது அந்தக் காத்தாடியத்தான். உனக்கு ஞாபகம் இருக்கா? நீ போன் பண்ணி என்ன சொன்ன? "அம்மா, காத்தாடிய வெள்ளியா மாத்த முடியாது. எண்ணிப் போடற மாதிரி ஒண்ணு எழுதுங்க. ஆள் மிச்சம், நேரம் மிச்சம், அந்த மாதிரி." பதினோரு லைன் லீடர்ல பத்துப் பேரு அனுப்பிட்டாங்க, பெத்த தாயே பாக்கி வச்சா ஆபீஸ்ல சிரிக்கிறாங்கன்னும் சொன்ன. அந்தப் பொண்ணுங்களுக்குக் காத்து வந்தது உன் கட்டத்துக்குள்ள அடங்கல. சரி, என் புள்ள தலை குனியக் கூடாதுன்னு நானும் வேற தேட ஆரம்பிச்சேன்.

அந்த வாரம் பாத்துத்தான் ரொஹானி வந்தா. மூவார்ல இருக்கிற அவ மகளுக்குத் தலைப் பிரசவம். நோன்புப் பெருநாள் லீவோட இன்னும் ரெண்டு நாள் சேத்து ஒரு வாரமா எடுத்துக்கலாமான்னு கேக்க வந்தா. கேக்க வந்தான்னு சொல்றதே தப்பு, சொல்ல வந்தா. கேண்டீன்ல என் எதிர்ல உக்காந்து, தேத்தண்ணி வாங்கி என் பக்கம் தள்ளி வச்சிட்டு, "அக்கா, ஒரு வாரம்"னா. நாங்க மலாய்லதான் பேசிக்குவோம். 'அக்கா' மட்டும் அவ தமிழ்ல சொல்லுவா. எப்பவும்னா "போயிட்டு வா, பேரப்புள்ள போட்டோ அனுப்பு"ன்னு சொல்லியிருப்பேன். அன்னிக்கு நான் சொன்னது வேற. "தரலாம். பதிலுக்கு நீ என்ன தருவ?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு, வாத்தியார் சொன்ன மாதிரியே வாய மூடிக்கிட்டேன்.

அவ முதல்ல சிரிச்சா. நான் வேடிக்க பண்றேன்னு நெனச்சிட்டா. நான் சிரிக்காம இருக்கவும் அவ சிரிப்பு நின்னு போச்சு. தன் டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தா. நான் பேசல. அஞ்சு வரைக்கும் எண்ணச் சொல்லியிருந்தாங்க, நான் பத்துக்கு மேல எண்ணினேன். "என்ன வேணும், அக்கா?"ன்னு மெதுவாக் கேட்டா. பெருநாள் முடிஞ்சு வர்ற மூணு ஞாயித்துக்கிழமையும் ஆள் கொறைஞ்சா நீ வந்து நிக்கணும்னேன். சரின்னா. எழுதிக்கலாம்னேன். அதுக்கும் சரின்னா. பையில இருந்த தாள்ல எழுதி நீட்டினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா. எழுந்திருச்சு போறப்போ "தாக் அப்பா லா, அக்கா"ன்னு சொல்லிட்டுப் போனா. பரவால்லன்னு அர்த்தம். அவ எனக்கு வாங்கி வச்ச தேத்தண்ணிய நான் குடிச்சேன்.

மறைக்காமச் சொல்றேன், அப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் கொடுத்து மூணு நாள் வாங்கிட்டேன், இத்தன வருஷமா நானும் ஒரு ஏமாளியாத்தான் இருந்திருக்கேன்னுகூட ஒரு நெனப்பு வந்துச்சு. அன்னிக்கே ஃபாரத்த நிரப்பினேன். 'மூன்று நாள் ஆள் பற்றாக்குறை தவிர்க்கப்பட்டது'ன்னு நீ சொல்லச் சொல்ல எழுதினேன். இதுல எத்தன விழுக்காடு பயிற்சியால வந்ததுன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. "நூறு போடவா?"ன்னு கேட்டேன். "நூறு போட்டா நம்ப மாட்டாங்கம்மா, எண்பது போடுங்க"ன்ன. எண்பது போட்டேன். நீ "சூப்பர்ம்மா"ன்னு சொன்ன. வேலை எடத்துல அத்தன வருஷத்துல எனக்கு யாரும் சூப்பர்னு சொன்னதில்ல. அந்த ஒரு வார்த்தைக்கு நான் மயங்கினேன்னு இப்ப எழுதறப்போ வெக்கமா இருக்கு.

அந்த மூணு ஞாயித்துக்கிழமையும் அவ வந்தா. ஒரு நிமிஷம்கூட லேட்டா வரல. மகளுக்குப் பத்திய நாள், பச்ச உடம்பு. வாராவாரம் ஞாயித்துக்கிழம மூவாருக்குப் பஸ் ஏறிப் போயி பேரப்புள்ளையக் குளிப்பாட்டி விட்டுட்டு வரலாம்னு இருந்தவளாம். அவ வரலன்னு மக போன்ல அழுதாளாம். எனக்கு அப்ப தெரியாது, பின்னால மெய் லிங் சொல்லித்தான் தெரியும். நான் கேக்கல, அவளும் சொல்லல. எதிராளிக்கு என்ன தேவைன்னு கண்டுபிடிங்கன்னு வாத்தியார் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாரு. பேரம் படியறதுக்காகத்தான் அதக் கண்டுபிடிக்கணும்னு நான் புரிஞ்சுக்கிட்டேன் போல.

நீ மூணாம் மாசத்தோட ஃபாரத்த வாங்கி, எண்ணப் போட்டு, அளந்து மூடிட்ட. அதுக்கப்புறம் நடந்தது உன் அறிக்கையில இல்ல. நான் செஞ்சதப் பாத்து மத்தவங்களும் செய்ய ஆரம்பிச்சாங்க. பயிற்சிக்கு வராதவங்களுக்குக்கூட அது தொத்திக்கிச்சு. "என் எடத்துல நிக்கிறியா"ன்னு கேட்டா, "பதிலுக்கு?"ன்னு கேக்கறாங்க. தீபாவளி வந்துச்சு. ரொஹானிகிட்ட நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவளே ஒரு தாள எடுத்துக்கிட்டு வந்தா. "நான் நிக்கிறேன், அக்கா. எழுதிக்கலாம். உங்களுக்கு ரெண்டு நாள், எனக்கு ஹாஜிப் பெருநாளுக்கு ரெண்டு நாள்"னா. கோவமா சொல்லல, குத்தலும் இல்ல. நான் கத்துக்கொடுத்தத ஒழுங்கா செஞ்சா. தீபாவளிக்கு வேலை முடிஞ்சதும் நேரா நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு முறுக்கு டின்னோட போறவ, இந்த வருஷம் வரல. டின்ன மேசை மேல பத்து நாள் வச்சிருந்தேன். உங்கப்பா எடுக்க வந்தப்போ கைய வைக்காதீங்கன்னு அவருமேல எரிஞ்சு விழுந்தேன்.

போன மாசம் மெய் லிங் வீட்டுக்காரர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அவ எடத்துல நிக்க ஒரு ஆளு கெடைக்கல. ஏஜென்சி ஆளக் கூப்பிட்டு, அவனுக்கு வேலை புடிபடாம, அன்னிக்கு முழுக்க ஒரு மெஷின் நின்னு போச்சு. உன் வழியிலேயே கேக்கறேன், அந்த நஷ்டத்த எந்தப் பக்கத்துல வச்ச? நீ அளந்து முடிச்சிட்டு எப்பவோ போயிட்ட. நின்ன மெஷின் உனக்குத் தெரியாது.

இப்ப உன் நிச்சயத்துக்கு வர்றேன். அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நீ என்னப் பாத்த பார்வைய நான் மறக்கல. பெர்மாஸ் ஜெயாவுல பொண்ணு வீட்டுல பதினோரு மணிக்கு நல்ல நேரம். தட்டு மாத்தறப்போ உன் பெரியம்மா என் எடத்துல நின்னா. நான் கம்பெனி சட்டையோட, சேலைய ஒரு பையில சுருட்டிக்கிட்டு, ரெண்டு மணிக்கு வந்து சேந்தேன். "ஒரு நாள்கூட லீவு கெடைக்காதாம்மா? என் நிச்சயத்தவிட அந்த மெஷின் பெருசா?"ன்னு காதோரம் கேட்ட. சம்பந்தியம்மா முன்னால நான் என்னத்தச் சொல்றது. பஸ் லேட்டுன்னு சொல்லிச் சமாளிச்சேன். நீயும் நம்பிட்ட.

பஸ் லேட்டாகல. அந்த மாசம் ஆர்டர் கூட, லீவு யாருக்கும் கிடையாதுன்னு போர்டுல ஒட்டிட்டாங்க. ஆள் மாத்தி விட்டா மட்டும்தான் போக முடியும். தேதி குறிச்சதே ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. நான் அஞ்சு பேருகிட்ட கேட்டேன். ஒருத்தி தைப்பூசத்துக்கு மூணு நாள் கேட்டா. ஒருத்தி ரெண்டு ஞாயித்துக்கிழம கேட்டா. கொடுக்கறதுக்கு என்கிட்ட நாள் மிச்சம் இல்ல, எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தாச்சு. கடைசியா ரொஹானிகிட்ட போனேன். உனக்கு நிச்சயம்னு சொன்னதும் அவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. எந்த நாள்னு கேட்டா. ஞாயித்துக்கிழமன்னேன். "அன்னிக்குப் பேரனுக்கு மொட்ட போடறாங்க, அக்கா. குழந்தைக்கு உடம்பு சரியில்லாம தள்ளித் தள்ளிப் போயி இப்பத்தான் வச்சிருக்காங்க. மன்னிச்சிக்குங்க"ன்னா. நான் எப்படிக் கோச்சுக்கறது? அவகிட்ட இருந்து மூணு ஞாயித்துக்கிழமைய எடுத்தவ நான்தானே. மதியம் வரைக்கும் மெஷின் முன்னால நின்னு, சூப்பர்வைசர் கத்தக் கத்த வெளிய ஓடி வந்தேன். என் ஒரே புள்ளைக்குத் தட்டு மாத்தறத நான் பாக்கல. உன் எண்ணுல இதுவும் இருக்கு, தம்பி. லாபத்துப் பக்கம் எழுதின அந்த மூணு நாளுக்குள்ளதான் இது கெடக்கு.

நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும். "அம்மா, நான் ஜாக்கிரதையாத்தான் கணக்குப் போட்டேன், நீங்க சொன்னதுல பாதியத்தான் எடுத்துக்கிட்டேன்"னு சொல்லுவ. என்னத்த ஜாக்கிரதை? ஒரு பேரத்துல ரெண்டு பேரு உக்காந்திருக்கோம். நீ ஒருத்திகிட்டதான் ஃபாரம் கொடுத்த, அதுவும் ஜெயிச்சவகிட்ட. உங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு என்னக் கேட்ட. உங்ககிட்ட இருந்து என்ன போச்சுன்னு மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவள ஒரு வார்த்த கேட்டியா? அவ வீடு உனக்குத் தெரியாதா? கண்ணக் கட்டி விட்டாலும் நீ அந்த மாடிப்படி ஏறுவ. கேட்டா எண்ணு கொறஞ்சு போயிடும்னு பயந்தியா, இல்ல கேக்கணும்னே தோணலையா? தோணலன்னுதான் நான் நெனக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் அதிகமா வலிக்குது.

இதுல என் தப்பு எங்க இருந்து ஆரம்பிச்சதுன்னு நேத்துல இருந்து யோசிக்கிறேன். உனக்கு ஒன்பது வயசுல சைக்கிள் வேணும்னு அழுத. எல்லாப் பாடத்துலயும் ஏ வாங்கு, வாங்கித் தர்றேன்னேன். வாங்கின. அப்புறம் பொம்பளப் புள்ள இல்லாத வீடுன்னு உன்னப் பாத்திரம் கழுவச் சொன்னா, "கழுவினா என்ன தருவீங்க?"ன்னு கேப்ப. நாங்க சிரிப்போம். கெட்டிக்காரப் புள்ளன்னு உங்கப்பா சிங்கப்பூர் கூட்டாளிங்ககிட்ட எல்லாம் சொல்லிக்குவாரு. ஒரு நாள் எனக்குக் கடுமையான காய்ச்சல். நெத்தியில ஈரத்துணி போட்டு விட்ட. போட்டுட்டு, "அம்மா, இதுக்கு ஒண்ணும் வேணாம்"னு சொன்ன. அன்னிக்கே எனக்குச் சுருக்குன்னுச்சு. புள்ள ஒண்ணும் வேணாம்னு வாய்விட்டுச் சொல்ற அளவுக்கு வளத்திருக்கோமேன்னு. ஆனா அப்படியே விட்டுட்டேன். வேலைக்குப் போயி வந்த அசதியில எவ்வளவோ விட்டிருக்கேன், அதுல இதும் ஒண்ணு. அதனால உன்ன மட்டும் வையறேன்னு நெனச்சுக்காத. எனக்கும் சேத்துத்தான் விழுது.

திங்கக்கிழம என்ன நடக்கும்னு நீதான் சொன்ன. அந்த எண்ண அவங்க ஏத்துக்கிட்டா எல்லாக் கெளையிலயும் இந்தப் பயிற்சிய நடத்துவாங்க. ஆள் மாத்திக்கிறதுக்கும் இனிமே ஒரு ஃபாரம் வரும், யாரு யாருக்கு எத்தன நாள் பாக்கின்னு கம்ப்யூட்டர்ல ஏறும். உனக்குக் கோலாலம்பூர்ல பெரிய நாற்காலி. தை மாசம் கல்யாணம், புது வீடு, புது எடம். எல்லாம் எனக்குப் புரியுது. உன் வேலை போனாப் போகட்டும்னு சொல்ற நெஞ்சு எனக்கு இல்ல, பெத்தவளுக்கு அது வராது. ஆனாலும் சொல்றேன். என் ஃபாரத்த அதுல இருந்து எடுத்துடு. மத்த பத்து லைன் லீடரும் யாரு யாருகூடப் பேரம் பேசினாங்களோ, அவங்க ஒவ்வொருத்தரையும் போயிக் கேளு. மூணாம் மாசத்தோட மூடினதத் தொறந்து இந்த மாசம் வரைக்கும் அள. நின்ன மெஷினையும் எழுது, வந்த காத்தாடியையும் எழுது. வெள்ளியா மாத்த முடியலன்னா மாத்த முடியலன்னே எழுது. அதுக்கப்புறமும் லாபம்தான்னு வந்தா நான் வாய மூடிக்கிறேன். கொறஞ்சா கொறஞ்சதுன்னு அந்தப் பெரியவங்க முன்னால நின்னு சொல்லு.

உன் ஃபாரம் ஒண்ணு எழுதாதது என் பையில கெடந்துச்சு. காலையில உன் மெசேஜ மறுபடியும் ஒரு தடவ கேட்டுட்டு, அந்த எரிச்சலோடயே அத எடுத்துக்கிட்டு ரொஹானி ஃபிளாட்டுக்குப் போனேன். தீபாவளிக்கப்புறம் இன்னிக்குத்தான் அவ வீட்டுப் படி மிதிச்சேன். முறுக்கு டின்னையும் கொண்டு போனேன், பழசு நமுத்துப் போச்சு, புதுசா சுட்டுப் போட்டிருந்தேன். தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னேன். "விடுங்க, அக்கா"ன்னா. அந்த 'விடுங்க'வுல பழைய ரொஹானி பாதிதான் இருந்தா, மீதி வர நாளாகும், வராமலும் போகலாம். ஃபாரத்த மேசை மேல வச்சு, "இத நீ எழுது. உள்ளது உள்ளபடி எழுது. மூணு ஞாயித்துக்கிழமையையும் எழுது, உன் மக அழுததையும் எழுது. நான் அவனுக்கு அனுப்பணும்"னேன். யாருக்குன்னு கேட்டா. நம்ம தம்பிக்குன்னேன். "இது தம்பியோட வேலையா?"ன்னு ஃபாரத்தக் கையில எடுத்து, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, மேலயும் கீழயும் தடவித் தடவிப் பாத்தா. எங்க அச்சடிச்சீங்க, எவ்வளவு அழகா இருக்குன்னா.

அப்புறம் பேனாவ எடுத்து ஒவ்வொரு கேள்வியா வாய்விட்டுப் படிச்சா. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடற எடம். பேச்சுவார்த்தை நியாயமா நடந்துச்சா? அஞ்சு. உங்க கருத்தக் கேட்டாங்களா? அஞ்சு. முடிவுல திருப்தியா? அஞ்சு. "என்னடி பண்ற, பொய்யி எழுதாத"ன்னு அவ கையப் புடிச்சேன். என் கையத் தள்ளி விட்டுட்டு எல்லாத்துக்கும் அஞ்சு போட்டா. கடைசியில 'உங்களுக்கு என்ன கிடைத்தது'ங்கற கட்டம். அதுல மட்டும் பேனா நின்னுச்சு. ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, ஒண்ணும் எழுதாம ஒரு சின்னக் கோடு போட்டா. போட்டுட்டு, என்ன நிமிந்து பாத்து, "இத இப்படி விட்டா தம்பிக்கு மார்க் ஏதும் கொறையாதே, அக்கா?"ன்னு கேட்டா.

அந்தத் தாள இதோட மடிச்சு வச்சிருக்கேன். கொறையுமா கொறையாதான்னு, திங்கக்கிழமைக்கு முன்னாடி நீயே நேர்ல போயி அவகிட்ட சொல்லு.

அம்மா